முதலில் ஏற்றிய பெட்டி

அன்புள்ள சம்பந்திக்கு,

காலையில் கண் விழித்ததும் வீடு முழுக்க மாம்பழ வாசம். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுத உட்கார்ந்தால் பாதியில் வேறெங்கோ போய்விடும் ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் குறிப்பு:

1. பின்னறையில் பழுக்கும் மாம்பழங்கள்.
2. நம் பிள்ளைகள் ஓசூருக்குக் குடிபோனதும் அதற்காக அலைந்த அலைச்சலும்.
3. பால் காய்ச்சிய அன்று நான் செய்த குளறுபடி.
4. நீங்கள் இருந்திருந்தால் என் பக்கம் பேசி, பேத்தியை இங்கேயே இருக்க வைத்திருப்பீர்கள் என்பது.
5. இனி நான் செய்ய வேண்டியது.

நான்காவதுதான் முக்கியம். அதைச் சொல்வதற்காகத்தான் மற்றவை. ஆனாலும் ஒன்றிலிருந்து தொடங்குவதே முறை.

மாம்பழங்கள் உங்கள் தோட்டத்து மரங்களில் காய்த்தவைதான். முழங்கால் வலியால் சம்பந்தியம்மா வரவில்லை. சாக்கைப் பென்னாகரம் பஸ்ஸில் நடத்துநரிடம் ஒப்படைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக வேலை பார்த்தபோது எத்தனையோ பேருடைய மூட்டைகளை இப்படி இறக்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று வந்த மூட்டையை இறக்கியது இதுதான் முதல்முறை. போன கோடை வரை நீங்களே தோளில் போட்டுக்கொண்டு வருவீர்கள். என்னைக் கேட்காமல் பின்னறைக்குப் போய் வைக்கோல் பரப்பி, காய்களை அடுக்கிவிட்டு, “தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க சம்பந்தி, அது என்ன பஸ்ஸா, நேரத்துக்கு வர்றதுக்கு? பழுக்கறப்போ பழுக்கும்” என்பீர்கள். இந்த முறை நான்தான் அடுக்கினேன். தினமும் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டில் கட்டில் இல்லை, பீரோ இல்லை, மேசை இல்லை. தடுக்க ஒன்றும் இல்லாததால் வாசம் எல்லா அறைக்கும் வந்துவிட்டது.

இரண்டாவதற்கு வருகிறேன். நீங்கள் தை மாதம் எங்களை விட்டுப் போனீர்கள். பங்குனி முடிவதற்குள் செல்வத்தின் கம்பெனி இங்கிருந்த பிரிவை ஓசூருக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டது. என் மகன் எதையும் சத்தமாகச் சொல்பவன் அல்ல, என்னைப் போல. சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். உங்கள் மகள் மலர் உடனே ஓசூரில் ஒரு தனியார் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். ஆசிரியை வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியிலேயே நம் பேத்தி யாழினிக்குப் பதினொன்றாம் வகுப்பில் இடமும் கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. யாரையும் குறை சொல்ல எனக்கு இடமில்லாத வகையில் நடந்தது.

அதன்பின் வீட்டில் ஒருவர் காலும் தரையில் நிற்கவில்லை. வீடு பார்க்க ஓசூர், முன்பணம் கொடுக்க ஓசூர், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க மறுபடியும் ஓசூர். நடுவில் கல்யாணங்கள், மலருக்குப் பழைய பள்ளியில் விடைபெறும் விழா, யாழினியின் தேர்வு முடிவு. அவளுடைய மாற்றுச் சான்றிதழை வாங்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் அதை மெதுவாகச் செய்ய முடியும்.

நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. முதலில் போனபோது அலுவலகம் பூட்டியிருந்தது. கோடை விடுமுறையில் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே போனேன். அடுத்தமுறை யாழினியும் வந்தாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, “நிஜமாவே டிசி வேணுங்களாய்யா? நல்லாப் படிக்கற புள்ள. எதுக்கும் நானு ஒரு எடம் வெச்சிருக்கேன், மனசு மாறுனா ஆனி முடியறதுக்குள்ள வாங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாழினி ஒன்றும் சொல்லாமல் சுவரில் இருந்த விளையாட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

என் யோசனை பெரியது ஒன்றும் இல்லை. பிள்ளைகள் போகட்டும். யாழினி மட்டும் அதியமான்கோட்டையில் என்னோடு இருந்து, பழைய பள்ளியிலேயே இரண்டு வருடமும் முடிக்கட்டும். எனக்குச் சமைக்கத் தெரியும். பள்ளிக்கு எந்த பஸ் எப்போது வரும் என்று தூக்கத்திலும் சொல்வேன். என் மனைவி போனபின் இந்த வீட்டில் சத்தம் என்றால் யாழினியின் சத்தம்தான். இதை நான்கு வரியில் மலரிடம் சொன்னேன். அவள் புடவைகளை மடித்துக்கொண்டே, “பாக்கலாங்க மாமா” என்றாள். அந்தப் பதிலில் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன்: “உங்கப்பா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரும்மா.” அவள் ஒரு புடவையை விரித்து மறுபடியும் மடித்தாள்.

இப்போது மூன்றாவது. நீங்கள் சிரிப்பீர்கள்.

சாமான் கட்டும் பொறுப்பும் என்னுடையது. பெட்டிகளுக்கெல்லாம் எண் போட்டேன். புது வீட்டில் முதலில் வேண்டியது என்ன? பால் காய்ச்சும் பாத்திரம், அடுப்பு, விளக்கு, உப்பு, மஞ்சள். அவை ஒன்றாம் எண். மினி லாரி வந்து நின்றது. சுமை ஏற்றும் ஆள், “ஒண்ணுல இருந்து ஏத்தோணுமுங்களாய்யா?” என்று கேட்டார். “ஆமாப்பா, வரிசையா” என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றாம் பெட்டியைத் தூக்கி லாரியின் ஆழத்தில் வைத்தார். அதன்முன் பீரோ. அதன்முன் கட்டில்.

ஓசூரில் பின்கதவைத் திறந்ததும் செருப்பு மூட்டையும் துடைப்பமும் வாளிகளும் இறங்கின. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா, பால் பாத்திரம் எந்தப் பொட்டில?” என்றான் செல்வம்.

“ஒண்ணுல.”

“ஒண்ணு எங்க?”

“முதல்ல ஏத்தியாச்சு.”

செல்வம் லாரிப் படியில் உட்கார்ந்து சிரித்தான். நான் தலைகுனிந்து நின்றேன். யாழினி உங்களை நினைத்து, “லாரித் தாத்தா மட்டும் இருந்திருந்தா, பஸ் தாத்தாவுக்கும் ஒரு நம்பர் ஒட்டி உள்ள ஏத்தியிருப்பாரு” என்றாள். சுமை ஆளும் சிரித்துவிட்டார். கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மாள் சத்தம் கேட்டு வந்து, “பர்வாலேதண்டி, பரவால்ல, எங்க அடுப்பு எடுத்துக்கோங்க” என்று தன் அடுப்பையே தூக்கிக் கொடுத்தார். பாத்திரம்?

மலர் காரிலிருந்து இறங்கினாள். மடியில் உங்கள் அலுமினியக் குண்டா. நீங்கள் ஊர் ஊராக லாரி ஓட்டியபோது ரோட்டோரத்தில் சோறாக்கிய அதே குண்டா, ஒரு பக்கம் நசுங்கியது. யோசித்துச் செய்ததல்ல, பெட்டியில் போட மனம் வராமல் வழி நெடுக மடியில் வைத்திருந்திருக்கிறாள். பால் அதில்தான் காய்ந்தது. நசுங்கிய பக்கமாகப் பொங்கி வழிந்தது. அது கிழக்கா என்று நான் திசை பார்ப்பதற்குள் எல்லோரும் கும்பிட்டுவிட்டார்கள்.

என்னையும் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். வெறும் வீட்டைப் பூட்டிப்போடக் கூடாது என்று சொல்லித் திரும்பிவிட்டேன். வழிக்கு என்று மலர் அந்தக் குண்டாவில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள்.

இனி நான்காவது. இதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

கல்யாணப் பாத்திரம் வாங்க உங்கள் லாரியில் சேலம் போனோமே, நினைவிருக்கிறதா? தொப்பூர் இறக்கத்தில் நான் இரண்டு கால்களையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க சம்பந்தி, நீங்க எதுக்குப் பிரேக்க மிதிக்கறீங்க? பிரேக்கு எங்கிட்டல்ல இருக்குது” என்றீர்கள். கீழே இறங்கி டீ குடித்தோம். சிரிப்பை நிறுத்திவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: “எனக்கு ஒரே புள்ளைங்க. அது கண்ணுக்கு எட்டற தூரத்துல இருக்கோணும். அதுக்குத்தான் பக்கத்துலயே, உங்க வூட்டுக்குக் குடுக்கறேன்.” அந்த வார்த்தைக்காகவே உங்களை எனக்குப் பிடித்தது. கண்ணுக்கு எட்டும் தூரம். இந்தக் கோடை முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனி மாதம் இன்னும் முடியவில்லை. தலைமையாசிரியை இடம் வைத்திருக்கிறார். சென்ற வாரம் யாழினி போனில், “இங்க யாரையுமே தெரியல தாத்தா” என்றாள். அதையும் ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டேன். உங்கள் பேரைச் சொல்லி இன்றைக்கே மலரிடம் கேட்டு

சம்பந்தி, வாக்கியத்தைப் பாதியில் விட்டதற்கு மன்னிக்க வேண்டும். போன் வந்தது. மலர்.

“மாமா, சாப்பிட்டீங்களா? மாம்பழம் எப்புடிங்க இருக்குது?”

“பழுத்திருச்சும்மா. வூடே மணக்குது.” பிறகு எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பதுபோலச் சொல்லிவிட்டேன். பள்ளி, இடம், தொப்பூர் டீக்கடை, கண்ணுக்கு எட்டும் தூரம். கடைசியில், “உங்கப்பா இருந்திருந்தா” என்று ஆரம்பித்தேன்.

“மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“அது என் கல்யாணத்தப்போ சொன்னதுங்க. ஓசூரு வேலையப் பத்திப் போன தீவாளிக்கே நானு அப்பாகிட்டப் பேசுனேன். கம்பெனி மாத்தப் போறாங்கன்னு அப்பவே இவருக்குத் தெரியும். அப்பா என்ன சொன்னாருன்னா, ‘போயிரு புள்ள. ஊரூராச் சுத்துன நானு என்ன கெட்டா போயிட்டேன்? யாழினியையும் கூட்டிக்கிட்டுப் போ, அது நாலு எடம் பாக்கோணும்’னாரு.”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“அப்பறம் உங்களப் பத்தியும் சொன்னாருங்க மாமா.”

“என்னன்னு?”

“‘சம்பந்தி மொகத்தப் பாத்து நின்னுறாத. அவரு கொஞ்ச நாளு மொணங்குவாரு. மாங்கா பழுத்துச்சுன்னா அவரே மூட்டையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸேறி வந்துருவாரு’ன்னாரு.” அவள் குரல் சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியவில்லை.

“இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“அப்பா பேரச் சொல்றப்போ உங்க மொகத்துல ஒரு தெம்பு இருந்துச்சுங்க. அதப் போயி நானு எப்படிங்க...”

அதற்குள் யாழினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “பஸ் தாத்தா! இங்க நானே தனியா டவுன் பஸ்ல போறேன் தெரியுமா? நேத்து தப்பா ஏறிட்டேன். அப்பறம் கண்டக்டர்கிட்டக் கேட்டு எறங்கி, வேற பஸ் புடிச்சு வந்துட்டேன். அம்மாகிட்டச் சொல்லாத.” அம்மா பக்கத்திலேயே நின்றிருப்பாள். என் இரண்டு கால்களும் தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டன. ஆனால் அவள் குரலில் பயம் இல்லை. போன வாரம் யாரையும் தெரியாது என்ற குரல் அல்ல அது. “மாம்பழம் எப்போ?” என்றாள்.

போனை வைத்தேன். என்னை இவ்வளவு சரியாகப் படித்து வைத்திருந்தீர்கள், அதை என்னிடம் சொல்லாமலே போய்விட்டீர்கள். கோபம் வந்தது. பிறகு எழுந்து பின்னறைக்குப் போய், அழுத்திப் பார்க்காமல், நன்றாகப் பழுத்தவற்றைப் பொறுக்கினேன். பை கொள்ளவில்லை. மீதியை உங்கள் குண்டாவில் அடுக்கித் துணியால் கட்டினேன். பையை பஸ்ஸில் மேலே வைக்கலாம். குண்டா மடியில் இருக்கட்டும்.

சாமிப் படத்தின்முன் ஒரு கிண்ணம் உப்பு வைத்திருக்கிறேன். உப்பு இருக்கும் வீடு வெறும் வீடு இல்லை. பூட்டலாம். எத்தனை நாளைக்கு என்று இப்போது கேட்காதீர்கள். ஐந்தாவது குறிப்புக்குப் பதில் இப்போதைக்கு ஓசூர் மட்டும்தான்.

தலைமையாசிரியையிடம் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையம் போகும் வழியில்தான் பள்ளி. சொல்லிவிட்டே பஸ் ஏறுவேன்.

நான்காவது குறிப்பு தவறு, சம்பந்தி. நீங்கள் இருந்திருந்தால் லாரியை நீங்களே ஓட்டியிருப்பீர்கள்.