பதினோரு வினாடி அப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, எனக்குப் புகழ் வலி புதிதாக. உனக்குச் சளி விட்டதா? ஒன்பது நாளாக நான் போன் எடுக்கவில்லை என்று அம்மாவிடம் அழுதாயாம். எடுத்தால் நான் பாதி சொல்வதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று வெட்டிவிடுவாய். வெட்டுவதுதானே உன் உத்தியோகம். அதனால்தான் இந்தத் தாளின் இரண்டு பக்கமும் எழுதுகிறேன். முன்பக்கத்தில் கத்தரி வைத்தால் பின்பக்கமும் சேர்ந்து போய்விடும், பார்த்துக்கொள்.

புதிய பள்ளிச் சட்டத்தைப் பற்றிப் பேச உங்கள் சேனலுக்கு ஒரு பழமைவாதி தேவைப்பட்டாராம், நீயும் தாராளமாக என் மருந்துக்கடை முகவரியைக் கொடுத்துவிட்டாய். நானும் பெரிய மனுஷன் மாதிரி முடிவெட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்தேன். பத்து மணியிலிருந்து இருபது நிமிடம் பேசினேன். பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருவது என்று பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றாதீர்கள், நல்லதாகவே இருந்தாலும் நிதானமாகச் செய்யுங்கள் என்றேன். நடுவில் விளக்குப் பிடித்தவர் சிரப் அலமாரிக் கண்ணாடியில் போய்ச் சாய்ந்தார். எனக்கு உயிரே போய்விட்டது, "முதல்ல வெளியே போங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் மன்னிப்புக் கேட்டார், நான் டீ வாங்கிக் கொடுத்தேன், அதோடு சரி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் அம்மா கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்திருந்தாள். மாற்றுக் கருத்து உள்ளவர்களை என்ன செய்வீர்கள் என்று உங்கள் நிருபர் கேட்கிறார். உடனே திரையில் நான், கண்ணை உருட்டிக்கொண்டு, "முதல்ல வெளியே போங்க!" கேள்வியோடு சேர்த்து மொத்தமே பதினோரு வினாடி. கீழே சிவப்பில் "பழமையின் கோபம்". பின்னால் மத்தளம் வேறு. அடடா, என்ன கைவேலை! என் குரல், என் வாய், என் கடை, பொய் என்று வழக்குப் போடக்கூட வழியில்லை. நிகழ்ச்சியின் பெயர் பேச்சுரிமையாம். முடிவில் பெயர்கள் ஓடின, படத்தொகுப்பு என்ற இடத்தில் உன் பெயர். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அப்புறம், "மேலே இருக்கறவங்க சொல்லியிருப்பாங்க, அவ என்ன பண்ணுவா" என்று உனக்காக வாதாடினாள். உன் கட்சிக்கு வீட்டிலேயே வக்கீல் உண்டு, கவலைப்படாதே.

மறுநாள் முதல் என் மவுசே தனி. என் கட்சிக்காரர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். "நல்லா போட்டீங்க அண்ணே, இவங்களை எல்லாம் துரத்தணும்" என்று கை குலுக்கினார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால், "விடுங்க அண்ணே, பயப்படாதீங்க" என்று கண்ணடிக்கிறார்கள். நிஜமாகச் சொன்ன இருபது நிமிடத்துக்கு இத்தனை வருஷத்தில் ஒருவரும் மாலை போட்டதில்லை. ஆனால் நம் தெருமுனைத் தையற்காரியின் மகள் இருக்கிறாளே, தலைமுடிக்கு நீலச்சாயம் பூசிக்கொண்டு என்னோடு வாரம் தவறாமல் அரசியல் சண்டை போடுபவள், அவள் எதிர்ப்பக்கம் நின்றபடி இன்னொருவரிடம் மருந்துச்சீட்டைக் கொடுத்தனுப்பினாள். நான் கூப்பிட்டேன். "இல்ல அங்கிள், பரவாயில்ல" என்று அங்கிருந்தே சொன்னாள். அவள் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் மருந்து. அது ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ படிக்கிற காலத்தில் சாப்பாட்டு மேசையில் என்னோடு சண்டை போடுவாயே, இரண்டு பேர் கையும் காய்ந்து, அம்மா தலையில் அடித்துக்கொள்வாளே, ஒரு நாளாவது எழுந்து வெளியே போ என்று சொல்லியிருக்கிறேனா? ஊருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டினாயே அம்மா, அதுதான் வலிக்கிறது.

எனக்கு மறுப்புச் செய்தியும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். முழுப்பதிவு உங்களிடம்தானே இருக்கும்? என் தலைக்கு மேலே சுவர்க்கடிகாரம் தெரியும். அது பத்தேகால் காட்டுகிற இடத்துக்குப் போ. மாற்றுக் கருத்துள்ளவர்களை என்ன செய்வேன் என்ற கேள்விக்கு நான் சொன்ன பதில் அங்கே இருக்கிறது. உன்னைப் பற்றித்தான் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன், நீயே கேட்டுக்கொள். கேட்டுவிட்டுக் கூப்பிடு, எடுக்கிறேன். அதற்கு முன்னால் கூப்பிட்டால் அம்மாதான் எடுப்பாள்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நான் அனுப்பிய இருமல் மருந்து சாப்பாட்டுக்குப் பிறகு, மூடி அளவுதான், பாட்டிலோடு குடிக்காதே. நீ எந்தக் கட்சியாக இருந்தாலும் நீடூழி வாழ வேண்டும், வேலையில் மேலே வர வேண்டும்.

எப்போதும் உன் நலம் நாடும்,
அப்பா
(முழு நீளம்)