யார் அணைத்தது

பிப்ரவரி 3, திங்கள்

இன்று அறுநூறு பாட்டில். பிரஷ் விட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கவிழ்த்து வைத்தேன். உள்ளே இருந்தவை எல்லாம் நான் நட்ட வாழைக் கன்றுகள். விரல் நீளம்கூட வளரவில்லை. பழுப்பாகிச் செத்துவிட்டன. ஒவ்வொன்றாக வாளியில் தட்டினேன்.

பதினொரு வருஷம் இந்த ஆய்வகத்தில் கத்தியும் இடுக்கியுமாக உட்கார்ந்து, திசு வெட்டி பாட்டிலில் நட்டவள் நான். வெள்ளிக்கிழமையிலிருந்து பாட்டில் கழுவுகிறவள். அறிக்கையில் கோட்டு எழுதியது ஒரே வரி: "பணியாளரின் கவனக்குறைவால் ஆயிரத்து எண்ணூறு பாட்டில்கள் நாசம்."

கோட்டு என்பது எங்கள் மேற்பார்வையாளர். சாப்பிடும்போதுகூட வெள்ளைக் கோட்டைக் கழற்றமாட்டார், அதனால் நான் வைத்த பெயர்.

கவனக்குறைவாம். கிருமி புகுந்து செத்தால் பாட்டிலில் பூஞ்சை படரும். இதில் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. இது வெந்து செத்தது. வளர்ப்பறையில் ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை யாரோ ஏசியை அணைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்கு போன மாதம்தான் இயக்குநர் எல்லார் முன்னாலும் கோட்டைப் பாராட்டினார். அவர் வீடு பக்கத்துத் தெரு. திங்கள் காலை முதலில் வந்து கதவைத் திறப்பதும் அவர்தான்.

விடமாட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் சர்க்கரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டிலில் கன்றுகளுக்கு ஊற்றும் சத்துக் கூழைக் காய்ச்சுவது அவள் வேலை. நாள் முழுக்க சர்க்கரை நிறுப்பதால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். என்னோடு பேசினால் கோட்டுக்குப் பிடிக்காது என்று மற்றவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். இவள் ஒருத்திதான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அறையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது இவள் முறை. அன்று என்ன காட்டியது என்று கேட்டேன்.

"பத்து மணிக்கும் போனேன், நாலு மணிக்கும் போனேன்க்கா. ரெண்டு தடவையும் இருபத்தஞ்சுதான்."

ஆக, நாலு மணிக்கு அவள் போன பிறகு கோட்டு வந்திருக்கிறார்.

பிப்ரவரி 8, சனி

தங்கை வந்தாள். தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் நடத்துகிறாள். ரகசியமாக ஒரு கேமரா வைக்க முடியுமா என்று கேட்டேன். மாட்டிக்கொண்டால் உனக்குத்தான் வேலை போகும் என்றாள். பையிலிருந்து தீப்பெட்டி அகலத்தில் ஒரு போர்டு எடுத்தாள். கூடவே எட்டுக் கால் வைத்த ஒரு குட்டி வைஃபை துண்டு, வெப்பம் பார்க்க ஒரு உணரி. எல்லாம் மாணவர்கள் விளையாடும் சாமான். ஒழுங்காகச் சேர்த்தால் அது ஒரு சர்வராகிவிடுமாம். பக்கத்தில் நின்று போனில் திறந்தால் அறையின் வெப்பத்தை ஒரு பக்கமாகக் காட்டும்.

"பழி வாங்கறதுக்கு இதைவிட மலிவா எதுவும் கிடைக்காதுக்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீயே செய்து கொடு என்றேன். சொல்லித் தருகிறேன், செய்யவேண்டியது நீ என்று விட்டுவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எரித்துவிட்டேன். வைஃபை துண்டு மூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் தாங்கும். நான் ஐந்தைக் கொடுத்தேன். அரை நொடியில் கருகல் வாசனை. உள் அறையிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன, ஆளைக் கொளுத்தியாச்சா?"

நாளைக்கு இன்னொன்று வாங்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

புதுத் துண்டு உயிரோடு இருக்கிறது. ஆனால் என்ன கட்டளை கொடுத்தாலும் பதிலுக்குக் கோணல் எழுத்தாகக் கொட்டியது. இரண்டும் ஒரே வேகத்தில் பேசவில்லை, அதுதான் காரணம் என்று தங்கை போனில் சொன்னாள். வேகத்தை மாற்றினேன். ஓகே என்று வந்தது. இந்த மாதம் எனக்கு ஓகே சொன்ன ஒரே ஜீவன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பக்கம் திறக்கிறது, ஒரு நிமிடத்தில் செத்துப்போகிறது. திரும்ப எழுகிறது, திரும்பச் சாகிறது. வைஃபை துண்டுக்குப் பசி அதிகமாம். போர்டு ஊட்டுகிற மின்சாரம் போதவில்லை. அதற்குத் தனி ஊட்டல், நடுவில் ஒரு மின்தேக்கி. இவர்தான் பற்றவைத்துக் கொடுத்தார். வேன் ஓட்டுகிற கை என்றாலும் ஒரு பற்றுகூடப் பிசகவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாகாமல் நின்றுவிட்டது! இரண்டு வரிதான் காட்டும்.

வெப்பம்: 27.8
விழித்து: 212 நிமிடம்

விழித்து என்பது கடைசியாக மின்சாரம் கிடைத்ததிலிருந்து ஓடும் எண்ணிக்கை. யாராவது பிடுங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தப்பிக்க முடியாது.

நெட்வொர்க்குக்கு ஒரு பெயர் கேட்டது. கோபத்தில் விரல் தானாக அடித்தது: யார் அணைத்தது.

பிப்ரவரி 20, வியாழன்

கழுவிய பாட்டில்களைக் கொண்டு போகிற சாக்கில் வளர்ப்பறைக்குள் போனேன். மேல் தட்டில், காலி அட்டைப்பெட்டிக்குள் வைத்து, விளக்குகள் இருக்கிற அதே பிளக்கில் செருகிவிட்டேன். அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சந்து. சந்தில் ஜெராக்ஸ் கடை. கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போனில் நன்றாக எடுக்கிறது. இனி ஞாயிறுதோறும் அதுதான் என் இடம்.

பிப்ரவரி 21, வெள்ளி

முட்டாள். முட்டாள். முட்டாள்.

நெட்வொர்க் பெயர் என் போனில் மட்டுமா தெரியும்? கட்டடத்தில் இருக்கிற அத்தனை போனிலும் தெரியும்! காலையில் வைஃபை தேடிய ஒருத்தன் உரக்கப் படித்தான்: "யார் அணைத்தது." எல்லாரும் அவரவர் போனை எடுத்துப் பார்த்தார்கள். கோட்டு தன் போனைப் பார்த்தார். முகம் வெளுத்தது, நான் பார்த்தேன். மேசைக்கடியில், அலமாரிக்குப் பின்னால் என்று மதியம் வரை தேடவைத்தார். அட்டைப்பெட்டியை ஒருவரும் தொடவில்லை.

நன்றாகத் தேடு. உனக்கே தெரியும் நீ என்ன செய்தாய் என்று.

சர்க்கரை இன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடிவிட்டாள். "அக்கா, அது யாரு வேலையா இருக்கும்?" என்று கேட்டாள். எனக்காகப் பயப்படுகிறாள், பாவம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாலரை மணி முதல் ஏழு வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 25.1. அசையவே இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

25.0. அதே.

உஷாராகிவிட்டார். என் வாய்க்கொழுப்பு நெட்வொர்க் பெயராக வந்து என் காரியத்தையே கெடுத்துவிட்டது. பெயருக்குப் பயந்து ஆள் திருந்திவிட்டார். இந்த லட்சணத்தில் இந்த மாதக் கன்றுகள் அருமையாக வந்திருக்கின்றன என்று இயக்குநர் அவர் கையைக் குலுக்கினார். நான் கைநிறைய சோப்பு நுரையோடு நின்று பார்த்தேன்.

எனக்கு அவர் திருந்தவேண்டாம். மாட்டவேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

கோட்டு ஏதோ பயிற்சிக்காக நாளைக்கு வெளியூர் கிளம்புகிறாராம், அடுத்த வியாழன்தான் வேலைக்கு வருவாராம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னார். ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே போய் உட்காரப்போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தேன். 25.0. பதினொன்று இருபதுக்கு நெட்வொர்க்கே காணோம். அகப்பட்டார் என்று துள்ளி எழுந்தேன். அதே நேரம் கடைக்காரர் தலையில் கைவைத்தார் - இயந்திரத்துக்குள் தாள் பாதியில் நின்றுவிட்டது. தெரு முழுக்க மின்சாரம் இல்லை.

பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. விழித்து: 0 நிமிடம். வெப்பம்: 25.4. கடைக்காரர் எறிந்த தாளின் பின்பக்கத்தில் குறித்தேன்.

11.45 - 26.3
12.10 - 28.0
12.40 - 29.6
1.05 - 30.9

பதினொன்றே முக்காலுக்கே எனக்குப் புரிந்துவிட்டது. மின்சாரம் வந்ததும் விளக்குகள் தானாக எரியும். ஏசி எரியாது. ரிமோட்டை யாராவது அழுத்தினால்தான் உண்டு. அத்தனை விளக்கும் எரிய, ஏசி இல்லாமல் மூடிய அறை. ஆயிரத்து எண்ணூறும் இப்படித்தான் செத்திருக்கின்றன. யாரும் அணைக்கவில்லை.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஏறட்டும் என்று நின்றேன். திங்கள் காலை அறை முழுக்க வெந்து கிடக்கட்டும், இப்போது கழுவுகிறவளைச் சொல்ல முடியாதே, இப்போது எவள் தலையில் கட்டுவாய் என்று கோட்டு திரும்பியதும் கேட்கத் தயாரானேன். எண் ஏற ஏறச் சந்தோஷமாக இருந்தது. என் நாட்குறிப்பில் நானே பொய் எழுதி என்ன செய்ய?

1.30 - 32.1.

நாளைக்கு அத்தனையும் வாளியில் வரும். நான்தானே தட்டணும்? ஒவ்வொண்ணா நான்தானே தட்டணும்?

ஓடினேன். வாசல் காவலரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சாவி வாங்கி, நோட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போய் ரிமோட்டை அழுத்தினேன். திரும்பி வரும்போது அந்த நோட்டைப் பார்த்தேன். இன்று என் பெயர் மட்டும்தான் இருந்தது. சர்க்கரை காலையில் வரவில்லையா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையா? அந்தம்மா வந்து நான் பார்த்ததே இல்லையேம்மா."

மார்ச் 10, திங்கள்

சர்க்கரை காலையில் வந்தாள். பையைக்கூட வைக்காமல் பதிவேட்டைத் திறந்தாள். ஞாயிறு, பத்து மணி: 25. நாலு மணி: 25. என் கண் முன்னாலேயே எழுதிவிட்டு, "என்னக்கா டல்லா இருக்கீங்க?" என்றாள்.

மேல் தட்டிலிருந்து நாற்பத்து மூன்று பாட்டில் மதியம் கழுவ வந்தன. பழுப்பு.

சாயங்காலம் பெட்டியிலிருந்து போர்டை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெயரை மாற்றிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

போர்டைப் பழைய பெட்டியிலேயே திரும்ப வைத்தேன். காலையிலிருந்து எல்லார் போனிலும் புதுப் பெயர்: 25, 25.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவேண்டியவளுக்குப் புரிந்தது. பதினொரு மணிக்குக் கழுவும் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள்.

"எப்பக்கா தெரியும்?"

நான் பிரஷை விடவில்லை. அவளே பேசினாள். போன வருஷத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை போவதில்லையாம். எப்போது பார்த்தாலும் இருபத்தைந்துதான், பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்று இருந்துவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன். வீட்டில் உடம்பு சரியில்லை, யாரையோ பார்க்கப் போனேன் - ஏதாவது சொல்வாள், மன்னிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கலாம் என்று காத்திருந்தேன்.

"தூங்கினேன்க்கா. வேற ஒண்ணுமில்ல. ஆறு நாள் நின்னுக்கிட்டே இருக்கேன், அன்னிக்கு எழுந்திருக்க முடியல."

தூங்கினாளாம்! என் பதினொரு வருஷம் போனது இவள் தூங்கினதால. என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள், நான் பாட்டில் தேய்க்கிறதை.

நாளை மறுநாள் கோட்டு வருகிறார். அந்தத் தாளை, காவலர் நோட்டை, பதிவேட்டை - மூன்றையும் அவர் மேசையில் வைப்பேன். அவருக்கும் வலிக்கட்டும், அவளுக்கும் வலிக்கட்டும்.

மார்ச் 12, புதன்

தாளை இவரிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"பதினொண்ணே முக்காலுக்கே தெரிஞ்சிருக்கு. ஒன்றரைக்குத்தான் உள்ள போயிருக்கே. இது உன் கையெழுத்துதானே?"

அடப்பாவி மனுஷா.

கோட்டுக்கும் சர்க்கரைக்கும் எதிராக என்னிடம் இருக்கிற பெரிய சாட்சி அந்தத் தாள்தான். அதில் வரிக்கு வரி நான் நிற்கிறேன்.

கடைசி மூன்று எண்ணையும் விட்டுவிட்டு வேறு தாளில் எழுதினால் என்ன? எழுதினேன். 25, 25 மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

பழைய தாளையே கொடுத்தேன். போர்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். கோட்டு இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நின்றேன். மெதுவாகத்தான் கேட்டார்:

"ரெண்டு மணி நேரம் வெளியில என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உங்களுக்காகக் காத்திருந்தேன் சார்."

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சட்டையைப் பார்த்தேன். காலர் நைந்திருந்தது.

மார்ச் 20, வியாழன்

பலகையில் புது அறிக்கை. ஆயிரத்து எண்ணூறு பாட்டில்: மின்தடைக்குப் பின் ஏசி இயங்காததும், சோதிக்காமல் பதிவேடு எழுதியதும் காரணம். விசாரிக்காமல் முந்தைய அறிக்கை எழுதியது மேற்பார்வையாளரின் தவறு. அவர் கையாலேயே எழுதியிருக்கிறார், எறும்பு எழுத்தில். எழுதவைத்தேன்!

அதற்குக் கீழே இன்னொரு வரி. நாற்பத்து மூன்று பாட்டில்: தெரிந்தும் பணியாளர் தாமதித்தது.

அதையும் நின்று படித்தேன். பொய் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் முடியும்வரை நான் தொட்டியில்தான். ஞாயிற்றுக்கிழமை முறைக்கு இரண்டு பேர் போகவேண்டுமாம். இரண்டு பெயர் எழுதியிருந்தது: சர்க்கரை, நான். கோட்டுக்கும் பழி வாங்கத் தெரிகிறது.

மார்ச் 24, திங்கள்

போர்டை வளர்ப்பறைச் சுவரில் திருகாணி போட்டு மாட்டிவிட்டார்கள். பெயர் இப்போது: வளர்ப்பறை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பத்து மணி. வாசலில் நிற்கிறேன். போனில் 25.0 காட்டுகிறது, உள்ளே போகாமலே எழுதலாம். சர்க்கரை இன்னும் வரவில்லை. பத்தே கால் வரை பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டேன் என்றும்.

பத்து இருபத்திரண்டு. தலைகூட வாராமல் ஓடி வருகிறாள். இரண்டு பேரும் உள்ளே போய்ப் பார்த்தோம்.

25.0.