வெயிலில் வைத்த பட்டைகள்

12 ஜனவரி 2006, வியாழன்

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணத்துக்கு மறுபடியும் பஸ். வாராவாரம் இதே வியாழக்கிழமைப் பயணம், இடுப்பு விட்டுப்போகிறது. உப்பளத்து வரப்பில் செப்டம்பரில் நட்ட ஸ்டாண்டில் எங்கள் அலுமினியப் பட்டைகள். விமான இறக்கையில் தகடுகள் சேரும் இடத்தில் எரிபொருள் கசியாமல் பூசுகிற சீலண்ட் தடவியவை; வெயிலைத் தாங்குகிறதா என்று சோதனை. கம்பெனி லேபில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்த இதே சீலண்ட் இறுகிப்போய், நகம் பட்டாலே வெடித்தது. இங்கே ரப்பர் மாதிரி அமுங்குகிறது. இந்த வெயிலிலா?

காவலுக்கு இருக்கும் சாலம்மா அக்கா, "ஒண்ணும் ஆவலயில்ல தம்பி? கண்ணும் கருத்துமா பாத்துக்கறேன்" என்றார்.

18 ஜனவரி

மேனேஜர் தேவநாதன் சாருக்கு ஒரே சந்தோஷம். "ரிப்போர்ட் இப்படியே போகட்டும், உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன் முஹ்சின்." இல்லாவிட்டால் மார்ச்சோடு வேலை முடிகிறது. அப்புறம் ஷார்ஜாவில் மச்சானின் கடைதான். அம்மா இப்போதே, "விசா ரெடியா இருக்குதாம், என்னா சொல்றே?" என்று கேட்டாயிற்று. எனக்குப் போக இஷ்டமில்லை. சத்தியமாக இல்லை.

24 ஜனவரி, செவ்வாய்

போட்டோ எடுக்கலாமென்று சொல்லாமல் போனேன். ஸ்டாண்டைக் காணோம். பனையோலை வேய்ந்த உப்பு அம்பாரங்களுக்கு நடுவில் புதிதாக ஓர் ஓலைக் குவியல். தூக்கிப் பார்த்தால் உள்ளே என் பட்டைகள்.

"மழைக்காலத்துல அம்பாரத்த மூடாம உடுவமா? உப்புக்கே மூடறோம், இது பிளேன் சாமானாச்சே! நீங்க வர்ற வியாழக்கெழம காலையில பிரிச்சிடுவேன்" என்றார் சாலம்மா அக்கா.

எல்லாம் போச்சு. "பத்திரமா பாத்துக்கங்க" என்று சொன்னவன் நான்தான். உப்பளத்தில் பத்திரம் என்றால் மூடுவது. அவரைத் திட்ட வாய் வரவில்லை.

25 ஜனவரி

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "மூடியிருந்துச்சுன்னு பட்டை வந்து சொல்லப்போவுதா? அனுப்புப்பா."

27 ஜனவரி

அனுப்பிவிடலாம். அனுப்பலாம்தானே? நாளைக்கே ஒன்றும் ஆகப்போவதில்லை. என்றைக்கோ ஒரு இணைப்பு வெடித்து எரிபொருள் கசிந்தால்… அதில் எவனோ இருப்பான். எவனோ என்ன எவனோ, எங்க தெரு ஆம்பளைங்கதானே வருசா வருசம் பிளேன் ஏறுறாங்க!

அலுப்பாக இருக்கிறது. எதையும் யோசிக்க முடியவில்லை.

30 ஜனவரி

எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டைகள் மூடிக் கிடந்தன, சோதனை செல்லாது. சாலம்மா அக்கா பெயரைப் போடவில்லை. சார் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

9 ஏப்ரல்

ஷார்ஜா போகும் விமானத்தில் எழுதுகிறேன். ஜன்னல் சீட், இறக்கைக்குப் பக்கத்தில். தகடுகள் சேரும் கோடு தெரிகிறது. அதில் பூசியதை எந்த ஊர் வெயிலில் எவன் வைத்துப் பார்த்தானோ. அவனுக்கும் ஒரு மேனேஜர் இருந்திருப்பார். அவன் பொய் எழுதியிருக்க மாட்டான் என்று நம்பித்தான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.