ரெஜிஸ்டரில் இருபத்திரண்டாவது பெயர்

பட்டினப்பாக்கம்
21-2-1997

அன்பு மகள் ஜெனிதாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்லபடி, என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. மஸ்கட்டில் ஆஸ்பத்திரி டூட்டிக்கு நடுவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் நினைப்பு.

நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன வாலிபால் டீம் பிழைத்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் அழுவாய். நெட்டும் பந்தும் கோச்சும் கொடுக்கிற டிரஸ்டிலிருந்து ஸஹானா என்று ஒரு அம்மா இரண்டு வாரம் முன்பு புதன்கிழமை வந்தார்கள். பெண்கள் மூன்று வருஷம் விளையாடியதில் குப்பத்துக்கு என்ன நன்மை என்று பார்த்து எழுதப் போகிறார்களாம், அதைப் பொறுத்துத்தான் டீம் இருக்குமா மூடுவார்களா என்பதாம். நான் பெருமையாக ரெஜிஸ்டரை நீட்டினேன். எட்டாம் வகுப்பு பெயிலான மூளையின் அழகைக் கேள், தினமும் டிக் போடச் சோம்பல்பட்டு அந்தச் சனிக்கிழமை வரைக்கும் எல்லாருக்கும் போட்டு வைத்திருந்தேன். சனிக்கிழமை யார் வருவார்கள் என்று இன்றைக்கே எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நம்பிக்கைதான் அம்மா என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. தலைகளை எண்ணினார்கள், ரெஜிஸ்டரில் இருபத்திரண்டு, மணலில் இருபத்தொன்று. அந்த ஒன்று நீதான். நீ போன எட்டு மாதமும் உனக்கும் டிக் போட்டிருக்கிறேன், கை தானாகப் போய்விட்டது மகளே. என் பொய்யால் இத்தனை பெண்களும் வீட்டோடு முடங்கப் போகிறார்களே என்று பதறிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்தது. பெண்கள் பந்தைப் போட்டுவிட்டு ஓட, ஸஹானா அம்மாவும் நோட்டோடு பின்னால் போய், வரிசையில் நின்ற மீன்காரி கெங்கம்மாவைக் கேட்டார்கள். அவள் சொன்னாள், "இன்னாம்மா எழுதிக்கினு கீற? முன்னெல்லாம் லாரி வந்தா எங்க தெருவும் பின்தெருவும் மண்டைய ஒடைச்சிக்குவோம். இப்ப ரெண்டு தெரு பொண்ணுங்களும் ஒரே டீமு, ஒருத்தி கொடத்த ஒருத்தி புடிக்குது. அதுங்க பாத்துக்கினு கீறப்போ நாங்க எப்படி அடிச்சிக்கிறது?" அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கடிதம் வந்துவிட்டது, இன்னும் இரண்டு வருஷம் உண்டு. ஒரே நிபந்தனை, ரெஜிஸ்டர் என் கையில் இருக்கக் கூடாது. இப்போது கெங்கம்மா மகள் எழுதுகிறாள், நேற்று தாமதமாகப் போனதற்கு எனக்கே ஆப்சென்ட் போட்டாள். உன் பெயரை மட்டும் அடித்துவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். ரொம்ப நேரம் யோசித்து, லீவு என்று போட்டிருக்கிறாள்.

மாதா உன்னைக் கைக்குள் வைத்துக் காப்பாள். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. மே மாதத்துக்கு டிக்கெட் எடுக்க மறந்துவிடாதே, லீவு எத்தனை நாள் என்று அந்தப் பெண் தினமும் என்னைக் கேட்கிறாள்.

ஆசிகளுடன்,
ஆப்சென்ட் வாங்கிய அப்பா
மிக்கேல்