ஆடிக்குள் ஒரு தோட்டம்

புணே
12.6.2024

அன்பு ஜெயா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கைத்தடியோடு நடக்கிறேன். காதுதான் சுத்தமாகப் போய்விட்டது. போனில் நீ பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. கடிதமே எழுது.

கொல்லைப்புறத்துக்குப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். சமையலறைப் படியிலிருந்து கிணறு வரை செங்கல் பாதை. நேராக வேண்டாம், வளைந்து போகட்டும். இரண்டு பக்கமும் கனகாம்பரம், கத்திரி, செம்பருத்தி, துளசி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பூ ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் என்ற பிரிவினையே கூடாது. பின்சுவரோரம் பீர்க்கம் பந்தல், அதன் கீழே நம் இருவருக்கும் ஒரு பெஞ்சு.

சாவி உன்னிடம்தான் இருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் மண்வேலை முடிந்தால், நான் வந்ததும் விதை போடலாம்.

உன்,
காமு

•

செம்பாக்கம்
24.6.2024

பாசமுள்ள காமு அக்காவுக்கு ஜெயக்கொடி எழுதுவது.

படம் வந்தது. அழகாக இருக்கிறது. ஆனால் கொத்தனார் வண்டலூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். நேற்று பெய்த மழையில் கொல்லை முழுக்கக் களியாகக் கிடக்கிறது, கால் வைத்தால் செருப்பு வருவதில்லை. கொஞ்சம் பொறுங்கள் அக்கா. செங்கல் எல்லாம் இப்போதே வாங்க வேண்டாம்.

நிகில் தம்பியிடம் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயக்கொடி

•

புணே
5.7.2024

ஜெயா,

உன் கடிதத்தைப் படித்து எரிச்சல்தான் வந்தது. என் வீட்டுக் கொல்லையில் கத்திரிச்செடி வைக்க நான் பெற்ற பிள்ளை நிகிலை எதற்குக் கேட்க வேண்டும்? ஊரில் வேறு கொத்தனாரே இல்லையா? ஒரு மழைக்குக் களியாகிற மண் இரண்டு வெயிலில் காயாதா?

இங்கே பத்தாவது மாடியில் மண்ணைக் கண்ணாலும் பார்க்க முடியவில்லை. இந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் பொழுதை ஓட்டுகிறேன். உனக்கு அது புரியவில்லை. உன் மகன் விக்கியின் கடைச் சிமெண்ட் மூட்டைகளை அடுக்க என் கொல்லை வசதியாக இருக்கிறது போலிருக்கிறது. அதற்காகத்தான் இழுத்தடிக்கிறாய் என்றால் நேராகவே எழுதிவிடு.

காமு

•

செம்பாக்கம்
14.7.2024

அக்கா,

சிமெண்ட் மூட்டை என்று எழுதிவிட்டீர்கள். பக்கத்து வீடுதான் என்றாலும் உங்கள் கொல்லையில் எங்கள் வீட்டுத் துடைப்பம்கூடக் கிடையாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இவர்தான், “சொல்லிடு ஜெயா, நீ ஏன் பழி சுமக்கிற?” என்றார்.

வைகாசி கடைசியில் நிகில் தம்பி வந்திருந்தார். கூட ஒரு பில்டர். கிணற்றிலிருந்து பின்சுவர் வரை டேப் பிடித்து அளந்தார்கள். வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுகிறார்களாம். கிணற்றை மூடிவிட்டுக் கார் நிறுத்த இடமாம்.

“இன்னா தம்பி இது, அக்கா வூடாச்சே?” என்றேன்.

“அம்மா இனிமே எங்ககூடத்தான் ஆன்ட்டி. இப்ப சொல்லிடாதீங்க. அவங்க ஹெல்த் சரியாகட்டும், நானே சொல்றேன்” என்றார்.

சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்போது உங்கள் படம் வந்தது. நீங்கள் பெஞ்சு வரைந்த இடத்தில் பில்டர் சுண்ணாம்பால் கோடு கிழித்திருக்கிறான். நான் எந்த மனதோடு அங்கே மண் வெட்டுவேன்? சொல்லவும் முடியவில்லை, மறைக்கவும் தெரியவில்லை.

ஜெயக்கொடி

•

புணே
23.7.2024

என் ஜெயாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் நிகில் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு நிறையப் பேசினான். எனக்குக் கேட்கவில்லை என்று ஞாபகம் வந்ததும் ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: “திரும்பத் தனியா விழுந்தா யாரும்மா பாக்கறது?”

பயந்துதான் எழுதியிருக்கிறான். போன தடவை பாத்ரூமில் நான் விழுந்து கிடந்ததை நினைத்தால் அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. ஆனால் நான் இல்லாத நேரம் பார்த்து என் கிணற்றை அளக்கப் போனானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீடு என் பெயரில் இருக்கிறது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று அதே தாளின் கீழே எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கும் மனசு சரியில்லை. மருமகள் ஸ்நேகாதான் அவனுக்குத் தெரிந்தே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். பாத்ரூமில் கைப்பிடி போட்ட பிறகுதான் என் வீட்டில் தூங்க வேண்டும், அதுவரை ஜெயா ஆன்ட்டி வீட்டில் என்று அந்தப் பெண் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உன்னைக் கேட்காமலே ஒத்துக்கொண்டேன்.

உன்னைச் சந்தேகப்பட்டு எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். தப்பு என்னுடையது ஜெயா. விக்கியிடமும் சொல்.

ஞாயிறு காலை வருகிறேன். ஆடி பிறந்துவிட்டது, ஆனாலும் விதைக்கு நேரம் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்புக் கோட்டை முதலில் கொத்திப் போடச் சொல். என் படத்தை மடித்து உள்ளே வை. பாதை எப்படி வளைய வேண்டும் என்று நீயே ஒரு கயிறு போட்டுப் பார். பிடிக்கவில்லை என்றால் வந்து நேரிலேயே சண்டை போடுகிறேன்.

உன்,
காமு