காப்பாரின் வெளிர்மஞ்சள்

பிப்ரவரி 11, செவ்வாய்
பெட்டாலிங் ஜெயாவில் பயிற்சி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போனேன். பேய்சியன் புள்ளியியல் முறையில் நோய் வரைபடம் போடுவது எப்படி என்று டாக்டர் சிவேந்திரன் சொல்லித் தருகிறார். சில வீடுகளே உள்ள இடத்தில் ஒருவருக்குக் காசநோய் என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அந்த எண்ணை அப்படியே நம்பாமல் சுற்றுவட்டார எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அழகான கணக்கு.

பிப்ரவரி 13
கிள்ளான் வட்டார எண்களைப் போட்டுப் பார்த்தேன். காசநோய் சோதிக்கும் எக்ஸ்ரே வேன் எங்கே போவது என்பதை எங்கள் சுகாதார அலுவலகம் இந்த வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்யும். காப்பாரில் சீதாலெட்சுமியின் குடியிருப்பு வெளிர்மஞ்சள். ஆபத்தில்லாத நிறம்.
சீதா என் பள்ளித் தோழி. போன வாரம் இருமிக்கொண்டேதான் பேசினாள். “இங்க வீட்டுக்கு வீடு இருமல்தான் கௌசி. உங்க வேன் எப்ப வரும்?”

பிப்ரவரி 14
சிவேந்திரனிடம் சொன்னேன். “அங்க யாருமே டெஸ்ட் பண்ணலை சார். அதான் நம்பர் கம்மி.”
யோசித்தார். “ஃபிரெண்ட் சொன்னாங்கன்னு மாடல்ல போட முடியாதும்மா. ஆனா நமக்கு எங்க நிச்சயமாத் தெரியலைங்கிறத இன்னொரு மேப்பாப் போட்டுக் காட்டுங்க.”
போட்டேன். தெரியாத அளவுக்குக் கறுப்பு. சீதாவின் குடியிருப்பு கன்னங்கரேலென்று வந்தது.

மார்ச் 3
மேலதிகாரி ராதாகிருஷ்ணன் இரண்டாவது வரைபடத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார். “ரெண்டு மேப் காட்டுனா கன்ஃபியூஸ் ஆயிருவாங்க லா. ஒன்னு போதும்.” வேன் வேறு இடங்களுக்குப் போகிறது.
டெஸ்ட் இல்லை, அதனால் எண் இல்லை. எண் இல்லை, அதனால் வேன் இல்லை. வேன் இல்லாமல் டெஸ்ட் எங்கே? யாரிடம் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 20
கிளினிக் போ என்று சீதாவிடம் கெஞ்சினேன். “போனேன் லா. இருமல் மருந்து குடுத்தாங்க. இன்னொரு நாள் லீவு போட்டா ஃபேக்டரில வேற ஆள வெச்சிருவான்.”

ஜூன் 9
வேன் பற்றி ராதாகிருஷ்ணனிடம் மறுபடி கேட்டேன். “அடுத்த வருஷம் பாக்கலாம்.”

ஜூலை 29
சீதாவைச் சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காசநோய். இரண்டு நுரையீரலும் போய்விட்டன. வெளியே அவள் கணவர் ஜெயராஜும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. “வேன் வந்துச்சா?” என்றாள்.


ஆகஸ்ட் 6
போய்விட்டாள்.

செப்டம்பர் 17
அவள் இறந்ததும் அவள் வீட்டிலும் சுற்றிலும் சோதித்ததில் பதினோரு பேருக்கு இருக்கிறது. புது எண்களைச் சேர்த்தேன். குடியிருப்பு அடர்சிவப்பு. ராதாகிருஷ்ணனுக்குத் திருப்தி. “பாத்தியா, டிரெய்னிங் வேஸ்ட் ஆகல.” கழிப்பறைக்குப் போய் அழுதேன். வேன் அடுத்த மாதம் போகிறதாம்.

அக்டோபர் 23
ஜெயராஜ் ஃபோன் செய்தார்.
“வேன் வந்துட்டுப் போச்சுக்கா. போன தடவை டெஸ்ட் எடுத்தப்ப பாப்பாவுக்கு ஒன்னும் இல்லைன்னாங்க. இப்ப அதுக்கும் இருக்காம். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்களாம்.”
நல்ல வேளை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.