ஜெனரலின் கடைசி நாற்காலி

என் சண்டைக்காரிக்கு,

நேற்று நான் அழுதுவிட்டேன். வெங்காயம் என்று சமையல்காரனிடம் சொன்னேன். அவன் நறுக்கிக்கொண்டிருந்ததோ ஆப்பிள்.

ஜெனரல் விட்கமுக்குப் படையில் நேற்றுதான் கடைசி விருந்து. அவர் எழாமல் வேறு யாரும் எழக் கூடாதே! சாப்பாடு முடிந்து, ராஜாவை வாழ்த்திக் குடித்தும் ஆயிற்று, மனிதர் அசையவில்லை. இளம் அதிகாரிகள் ஒன்றுக்குப் போக முடியாமல் நெளிந்தார்கள். வழக்கம்போல் பரிமாற அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த நான் அவர் காதருகே குனிந்தேன்.

"ஐயா, பசங்க பாவம். எந்திரிங்க."

"எந்திரிச்சா அவ்வளவுதானேப்பா. வீட்ல யாரு இருக்கா?"

"எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி வறுவல். கூடவே எம்பொண்டாட்டி வாயும் இருக்கு. வாங்க."

சிரித்தபடி எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நான் முறைப்படி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.

"இன்னும் ஒரே கிளாஸ்," என்று அவர் திரும்பிப் பார்க்காமலே மறுபடி உட்கார்ந்தார். அங்கே தரைதான் இருந்தது.

ஞாயிறன்று மெத்தை போட்ட நாற்காலியை எடுத்து வை.

உன் எடுபிடி